ஏட்டில் எழுதிய மதமும் வீட்டில் இருந்த மதமும்

(கற்பிட்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சீனாவில் கடுமையான ஆட்சியின் கீழ் கிறிஸ்தவம் எப்படிப் பரவியது என்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வி இங்கே எழுவதில் வியப்பில்லை. தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கடந்து போகிற நுரைச்சோலையில், சீன நிறுவனம் கட்டிய 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. அந்த நாட்டில் கோயில் உச்சியில் இருக்கும் சிலுவையை அரசாங்கமே இறக்குகிறதாமே, ஆனாலும் அங்கே கிறிஸ்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்களாமே, அது எப்படி என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பாதிப் பதிலை இந்தக் கரையிலேயே எடுக்கலாம். இன்று புத்தளம் மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். இவர்களுடைய முன்னோரின் மதத்தை ஒல்லாந்தர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658-இல் பறையறைந்தார்கள். இங்கே கற்பிட்டியில் கடற்படையினர் வசம் இருக்கும் கோட்டை அந்த ஆட்சியின் கையால் 1667-இல் தொடங்கி 1676-இல் முடிந்தது. சட்டம் போட்டவர்கள் போய்விட்டார்கள். தடுக்கப்பட்ட மதம் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நமக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்க மதம் இந்தக் கரைக்கு அதிகாரத்தின் நிழலில்தான் வந்தது. போர்த்துக்கேயரின் கப்பலும் குருமாரின் சிலுவையும் சேர்ந்தே இறங்கின. சிலாபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முன்னேஸ்வரத்தை 1578-இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். முஸ்லிம் மக்களை 1626-இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். மேடையில் குருக்கள் ஐயாவும் மௌலவிமாரும் இருக்கும்போது இதை மறைத்துவிட்டு, ஒல்லாந்தர் எங்களுக்குச் செய்ததை மட்டும் விரித்துப் பேசினால் அது வரலாறாகாது. அன்று ஞானஸ்நானம் பெற்றவர்களில் மனமொப்பி வந்தவர்களும் இருந்தார்கள். வரிச் சலுகைக்காகவும் பாதுகாப்புக்காகவும் வந்தவர்களும் இருந்தார்கள். யார் எதற்காக வந்தார்கள் என்பது போர்த்துக்கேயர் இருந்தவரை தெரியவில்லை. அவர்கள் போன பிறகுதான் தெரிந்தது.

1656-இல் கொழும்பு, 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையின் பிரசங்க மண்டபங்களாயின. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தருக்கு எதிராக ஒரு சதி நடந்ததாகச் சொல்லி, கல்தேரா என்ற இயேசு சபைக் குருவின் தலையை வெட்டினார்கள். அதிகாரிகளுடைய மனக் கணக்கு இதுதான்: கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கேயனின் ஆள். அந்தச் சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஐரோப்பாவில் இரு நாடுகளும் பகை நாடுகள். ஆனால் அந்தச் சந்தேகத்தின் விலையைக் கொடுத்தவர்கள் லிஸ்பனைக் கண்ணால் கண்டிராத வலைக்காரர்களும் தோணிக்காரர்களும்.

தண்டனையைவிட ஒல்லாந்தருடைய நிர்வாகம்தான் கெட்டிக்காரத்தனமானது. பள்ளிக்கூடமும் சபையும் ஒன்று. பள்ளி உபாத்தியாயர்தான் பதிவேடு எழுதுகிறவர். பிள்ளையின் பெயரும் கலியாணமும் அங்கே பதிய வேண்டும். பதியாத கலியாணம் கலியாணமில்லை. அதில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை சிக்கல். சபையில் பெயரில்லாதவனுக்கு முதலியார் பதவி இல்லை, எழுத்துவேலை இல்லை. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தகப்பனுக்குக் குற்றப்பணம். வாளைத் தூக்காமல், தோம்பு என்ற பதிவேட்டையும் மைக்கூட்டையும் வைத்து ஒரு ஜனத்தையே மதம் மாற்றிவிடலாம் என்று நினைத்தார்கள்.

மக்கள் என்ன செய்தார்கள்? பெயரைக் கொடுத்தார்கள். உபாத்தியாயர் முன்னால் நின்று கலியாணத்தைப் பதிந்தார்கள். மாதங்கள் கழித்து, சில வேளை வருடங்கள் கழித்து, மறைவாக ஒரு குருவானவர் வந்தபோது இரவில் அதே தம்பதி முழந்தாளிட்டு ஆசீர் பெற்றார்கள். இதை வஞ்சகம் என்று சில ஒல்லாந்த பாதிரிமார் எழுதினார்கள். பிள்ளைக்கு நிலத்தையும் காக்க வேண்டும், ஆண்டவரையும் விடக்கூடாது என்று இருந்த ஏழைகளுக்கு வேறு என்ன வழி இருந்தது?

இனிப் புவியியலுக்கு வருவோம். கற்பிட்டியில் நிற்கிற நமக்கு இது சொல்லிப் புரியவேண்டியதில்லை. களப்பின் வாயில் கற்பிட்டிக் கோட்டை; அது ஒல்லாந்தரின் பூட்டு. உள்ளே, களப்பின் மறுகரையில் புத்தளம். அது கண்டி அரசின் துறைமுகம். கண்டியின் பாக்கு வெளியே போவதையும் வெளிச்சரக்கு உள்ளே வருவதையும் அடக்குவதற்காகவே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1766 உடன்படிக்கையில் கரை முழுவதும் ஒல்லாந்தருக்குப் போகும்வரை, ஒரே களப்பின் இரு கரையில் இரண்டு ஆட்சிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. கண்டி மன்னர்கள் பௌத்தர்கள். தங்கள் நாட்டில் கத்தோலிக்கன் செபம் சொல்வதை அவர்கள் பெரும்பாலும் தடுக்கவில்லை. 1740-களில் அவர்களும் ஒருமுறை குருமாரை வெளியேற்றினார்கள் என்றாலும், பொதுவில் புத்தளம் புகலிடமாகவே இருந்தது. ஒரு கரையில் குற்றமாக இருந்த பூசை மறு கரையில் குற்றமில்லை.

அந்தப் புகலிடத்துக்கு 1690-இல் வந்து சேர்ந்தவர்தான் யோசப் வாஸ் சுவாமி.

கோவாவில் பிறந்த கொங்கணியர், 1651-இல் பிறப்பு. இலங்கைக் கத்தோலிக்கருக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளாக நிலையான குருக்கள் இல்லை என்று கேள்விப்பட்டுத் தூத்துக்குடி வழியாகப் புறப்பட்டார். 1687-இல் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது அவர் உடுத்தியிருந்தது கூலிக்காரனின் துணி. கூட வந்தவர் யோவான் என்ற இளைஞர். இறங்கியதுமே சுவாமி வயிற்றுளைச்சல் கண்டு கிடந்தார். யாரோ ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் உயிர் பிழைத்தார் என்று அவருடைய சரிதை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் பெரிய செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். பெரும்பாலானோர் கண்டும் காணாமல் இருந்தார்கள். சிலருடைய கண் மட்டும் அந்தச் செபமாலையிலேயே நின்றது. அப்படி நின்ற கண்களை வைத்துத்தான் கத்தோலிக்க வீடு எது என்று அறிந்தார். பிறகு சில்லாலை மக்கள் அவரை வைத்துக் காத்தார்கள்.

1689 நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தவர்களைச் சிப்பாய்கள் சுற்றி வளைத்தார்கள். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள். சிலரைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். அடியில் ஒருவர் இறந்தார். சுவாமி தப்பினார். அந்தத் தேடலுக்குப் பிறகுதான் புத்தளத்துக்கு வந்தார். இங்கிருந்து 1692-இல் கண்டிக்குப் போனார். போன இடத்தில் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறை. சிறைக்குள்ளேயே சிங்களம் படித்தார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவருடைய நேர்மையைக் கண்டு விடுவித்தார். 1697-இல் கண்டியில் அம்மை பரவியபோது, சொந்தக்காரரே விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளை மதம் பாராமல் குளிப்பாட்டி, உணவூட்டி, இறந்தவர்களைத் தம் கையால் அடக்கம் செய்தார். 1711 ஜனவரி 16-இல் கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14-இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது இங்கிருந்து பஸ் பஸ்ஸாகப் போனோம்.

அவரைப் புனிதராகக் கொண்டாடுகிறோம். அவர் விட்டுப்போன ஏற்பாட்டைப் போதிய அளவு நாம் கவனிக்கவில்லை. ஒரு குரு ஓர் ஊருக்கு வருடத்தில் ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். மற்ற நாட்களில்? ஊருக்கு ஒரு மூப்பர். செபம் சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணாவியார். கோயில் என்று ஓர் ஓலைக் கொட்டில் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளச் சங்கிலித்தாம். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, சாவீட்டில் செபம் முன்சொல்ல, ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்ட, சண்டையைத் தீர்க்க, அடுத்த தோணியில் சுவாமி வருகிறார் என்று காதோடு காதாகச் செய்தி அனுப்ப, இவர்கள் போதும். சுவாமியைப் பிடித்துக்கொண்டு போகலாம்; ஓர் ஊரின் மூப்பரையும் அண்ணாவியாரையும் அவர்களிடம் செபம் கற்ற தாய்மாரையும் எந்தச் சிப்பாய் பிடிக்க முடியும்?

ஒல்லாந்தர் 1715-இல் மறுபடி தடை போட்டார்கள். அதற்குப் பிறகும் போட்டார்கள். பறையறைந்த சட்டத்தையே திரும்பத் திரும்பப் பறையறைய நேர்ந்தால், முதல் முறை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இப்போது சீனாவைப் பார்ப்போம். நம் சுவாமி கூலித் துணியில் யாழ்ப்பாணம் இறங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1685-இல், கன்டன் நகரில் லுவோ வென்சாவோ என்ற சீனர் ஆயராக அபிஷேகம் பெற்றார். சீன இனத்தவரில் முதல் ஆயர் அவரே. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் குருமாரை எல்லாம் பேரரசு பிடித்துக் கன்டனில் அடைத்து வைத்தபோது, நாட்டில் தடையின்றி நடமாட முடிந்த குரு இவர் ஒருவர்தான். முகமும் பேச்சும் சீனருடையவை. காவலன் கண்ணுக்கு இவர் வழிப்போக்கன். மாகாணம் மாகாணமாக நடந்தார். கொங்கணியர் இலங்கையில் கூலியாக நடந்ததும் சீனர் சீனாவில் நடந்ததும் ஒரே காரியம். வெள்ளைக்காரன் போக முடியாத இடத்துக்கு ஆசியாக்காரன் போனான்.

1724-இல் யொங்செங் பேரரசர் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். தடை ஏறத்தாழ 120 ஆண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தில் சிச்சுவான் மாகாணத்தில் விசுவாசத்தைக் காத்தவர்களில் முக்கியமானவர்கள், மணமுடிக்காமல் தங்கள் வீட்டிலேயே இருந்து அயல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் செபம் சொல்லிக்கொடுத்த கன்னியர்கள். சாங்காய் பக்கத்து ஆறுகளிலும் கால்வாய்களிலும் படகே வீடாக வாழ்ந்த மீன்பிடிக் குடும்பங்களில் கத்தோலிக்கர் மிகுதி. அவர்களுடைய யாத்திரைத் தலம் ஷேஷான் மலைமாதா கோயில். நமக்குத் தலவில அன்னம்மாள் எப்படியோ அப்படி.

1949-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. வெளிநாட்டு மிஷனரிமாரை அனுப்பிவிட்டார்கள். 1954-இல் புரட்டஸ்தாந்தருக்கு ‘மூன்று சுய’ தேசபக்தி இயக்கம், 1957-இல் கத்தோலிக்கருக்குத் தேசபக்திச் சங்கம். அந்த அமைப்புகளின் ஏட்டில் பெயர் பதிந்தவன் நல்ல குடிமகன், பதியாதவன் அந்நியனின் ஆள். ஒல்லாந்தரின் தோம்பை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா? சாங்காய் ஆயர் குங் பின்மெய் கத்தோலிக்கச் சங்கம் உருவாகும் முன்பே அரசுக்கு இணங்க மறுத்தார், 1955-இல் பிடித்தார்கள், 30 ஆண்டுகள் சிறையில் இருந்தார். இங்கேயும் அரசின் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அபின் போரில் தோற்ற சீனாவின் மேல் திணித்த உடன்படிக்கைகளின் முதுகில் ஏறித்தான் பல மிஷன்கள் உள்ளே போயின. அந்த அவமானம் சீனர் மறக்கக்கூடியதில்லை.

1966 முதல் 1976 வரையான கலாசாரப் புரட்சியில் நாடு முழுவதும் கோயில்களைப் பூட்டினார்கள். 1979-இல் நிங்போ நகரில் ஒரு தேவாலயம் திறந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அழிந்துபோனார்கள் என்று நினைத்த கிறிஸ்தவர்கள் முன்னைவிட அதிகமாக வெளியே வந்தார்கள். 1949-இல் புரட்டஸ்தாந்தர் சுமார் 10 இலட்சம், கத்தோலிக்கர் சுமார் 30 இலட்சம். 2018-இல் சீன அரசின் வெள்ளை அறிக்கையே கொடுத்த கணக்கு: புரட்டஸ்தாந்தர் 3 கோடியே 80 இலட்சம், கத்தோலிக்கர் 60 இலட்சம். பதிவு செய்யாத வீட்டுச் சபைகளையும் சேர்த்தால் தொகை இன்னும் கூடும் என்று பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இந்த இரண்டு தொகையையும் அருட்தந்தையர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே ஆட்சி, ஒரே சிறை. புரட்டஸ்தாந்தர் கிட்டத்தட்ட 40 மடங்காகப் பெருகினார்கள். கத்தோலிக்கர் இரண்டு மடங்கு. நாட்டின் சனத்தொகையே இரண்டரை மடங்காகக் கூடிய காலத்தில் இரண்டு மடங்கு என்றால் அது வளர்ச்சியில் சேராது. காரணம் பல இருக்கலாம். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று. அங்கே கத்தோலிக்கர் குருவையும் ஆயரையும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். எந்த ஆயர் உண்மையான ஆயர் என்ற வழக்கில் வீடும் ஊரும் பிளந்தன. பாப்பரசரும் பெய்ஜிங்கும் ஆயர் நியமனம் பற்றி 2018-இல்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டுச் சபைகளிலோ விவசாயியும் கடைக்காரப் பெண்ணும் வேதத்தைத் திறந்து வாசித்துச் சபையை நடத்தினார்கள். அதாவது, 300 ஆண்டுக்கு முன் இந்தக் கரையில் மூப்பரும் அண்ணாவியாரும் செய்த வேலையைச் சீனாவில் அதிகமாகச் செய்தவர்கள் புரட்டஸ்தாந்தர்.

அடித்தால் வளரும் என்று ஒரு பேச்சு நம்மிடையே உண்டு. தவக்காலப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். நான் அதை ஏற்பதில்லை. யப்பானில் 1614-இல் தடை வந்தது, அடித்தார்கள், கொன்றார்கள், 1865-இல் நாகசாகியில் மறைவாக வாழ்ந்த விசுவாசிகள் வெளிப்பட்டது அற்புதம்தான் என்றாலும், மிஞ்சியவர்கள் ஒரு சிறு கூட்டம். சீனாவிலேயே கடந்த சில ஆண்டுகளில் வளர்ச்சி நின்றுவிட்டதாக ஆய்வுகள் சொல்கின்றன. சச்சியாங் மாகாணத்தில் 2014 முதல் 2016 வரை 1,000-க்கும் மேற்பட்ட கோயில்களிலிருந்து சிலுவைகளை இறக்கினார்கள். செங்டு நகரத்துப் போதகர் வாங் யீக்கு 2019-இல் 9 ஆண்டுச் சிறை விதித்தார்கள். அடி அடிதான், அது யாரையும் வளர்ப்பதில்லை. தாய்மொழியில் செபமும், சொந்த ஊரில் ஒரு தலைவரும், வீட்டுக்குள் வரக்கூடிய ஒரு குருவும் இருந்த இடத்தில் அடியைத் தாங்கிக்கொண்டார்கள். இல்லாத இடத்தில் முறிந்தார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806-இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மேலிருந்த தடைகளை நீக்கினார். அதற்குச் சில ஆண்டு முன் தீவு முழுவதும் சீர்திருத்த சபை ஏடுகளில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பதவிக்கு இனி அந்தப் பெயர் வேண்டாம் என்றானதும், ஒரு தலைமுறைக்குள் அந்தக் கூட்டம் கரைந்துபோயிற்று. சிலர் கத்தோலிக்கக் கோயிலுக்குத் திரும்பினார்கள், சிலர் சிவன் கோயிலுக்கு, சிலர் விகாரைக்கு. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய புனித பேதுரு தேவாலயம் இருக்கிறது. உள்ளே ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. நல்லதையும் சொல்ல வேண்டும்: 1737-இல் கொழும்பில் அச்சுக்கூடம் வைத்தவர்கள் அவர்கள். 1759-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்த பிலிப் தெ மெல்லோ அவர்கள் சபையின் தமிழ்ப் போதகர். அந்த உழைப்பு தமிழுக்கு நிலைத்தது. பதிவேடு நிலைக்கவில்லை.

அச்சுக்கூடம் அரசிடம் இருந்தபோது கத்தோலிக்கரிடம் இருந்தது பனையோலையும் எழுத்தாணியும். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி சிங்களத்திலும் தமிழிலும் 40 அளவில் நூல்கள் எழுதி, படியெடுக்க ஆட்களை வைத்து, ஊர் ஊராக அனுப்பினார். 1742-இல் அவர் காலமானது நம் மாவட்டத்துப் போலவத்தையில். அவருடைய வியாகுலப் பிரசங்கம் ஒன்பது பிரசங்கங்கள் கொண்டது. தவக்காலத்தில் ராகத்தோடு, விம்மலோடு, இரவில் கூடியிருந்து அதை ஓதுவார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவிகள் அதை மனப்பாடமாகச் சொன்னார்கள். எழுத்தறியாத வாயில் ஒரு நூல் குடியேறிவிட்டால் எந்த அதிகாரி வந்து அதைப் பறிமுதல் செய்வான்?

எனக்கு இப்போது இருக்கிற கவலை வேறு. ஒல்லாந்தன் அழிக்காததை நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். சிலாபத்திலிருந்து தெற்கே பல மீனவ ஊர்களில் பாட்டன் பாட்டி தமிழில் செபித்தார்கள். பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் செபிக்கிறார்கள். மொழி மாறுவதை நான் குற்றமாகப் பேசவில்லை. அது அவர்களுடைய வாழ்க்கை. ஆனால் அந்தத் தமிழ்ச் செபங்களும், மூப்பர் வைத்திருந்த கையெழுத்துக் கொப்பிகளும், பழைய ராகங்களும் யாரிடமும் சேராமல் போகின்றன. சிலாபத்தின் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை கொன்சால்வெஸ் சுவாமியின் நூல்களைத் தேடித் தேடி ஆராய்ந்தவர். 1939-இல் உருவான மறைமாவட்டத்துக்கு அப்படியொரு தொடக்கம் கிடைத்தது. அந்த வேலை தொடர வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய செபப் புத்தகமோ, ஓலை ஏடோ, கையெழுத்துக் கொப்பியோ இருந்தால் கறையானுக்கு விடாதீர்கள், துண்டு துண்டாகக் கிழிய விடாதீர்கள். பங்குத்தந்தையிடம் காட்டுங்கள், நூலகம் நிறுவனம் போன்றவர்கள் படம் பிடித்து இணையத்தில் வைத்துவிட்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தரும்படி கேளுங்கள். வியாகுலப் பிரசங்கம் ஓதத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், வருகிற தவக்காலத்திலேயே அவர்கள் முன் உங்கள் கைத்தொலைபேசியை வைத்து ஒன்பதையும் முழுமையாகப் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருடம் என்று தள்ளாதீர்கள். முஸ்லிம், இந்து சகோதரர்களுடைய வீடுகளிலும் இதே போல ஏடுகள் இருக்கும். அவற்றையும் சேர்த்தே எடுப்போம். இதற்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.